அகலப் பலகையும் என் வலது கையும்

என் வலது உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு தழும்பு இருக்கிறது. பொன்னேரியில் ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்குப் போகிற பெட்டியில், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது எல்லோர் கண்ணிலும் படும். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களில் சிலர் என்னைப் போல டைப்பிஸ்டுகள். யாராவது ஒருத்தி கேட்பாள். நானும் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் ஸ்டேஷன் வந்துவிடும். போன மாதம் அப்படிப் பாதி கேட்ட ஒரு பெண், இறங்கும்போது என் காதருகே வந்து, தனக்கும் விரல்கள் மரத்துப்போவதாகவும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள். அவளை மாதிரி இருப்பவர்களுக்காக முழுக்கதையையும் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் வசந்தா. பிறந்தது ஆரணி ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பொன்னேரியில் டைப் கற்றுக்கொண்டு லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். கல்யாணம் ஆனதும் அதே பொன்னேரியில்தான். என் வீட்டுக்காரர் தணிகாசலம் லாரி ஷெட்டில் மெக்கானிக். வீட்டில் மாமியார் கன்னியம்மாவும், கல்யாணத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரும். அத்தை பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசாதவர்களிடம் நமக்கு இருக்கிற பயம் எனக்கும் இருந்தது. அவர் மனதில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆபீசில் ஒரே டைப்பிஸ்ட் நான்தான். எனக்குக் கொடுத்த மெஷின், சென்னைத் துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு பழைய கப்பல் கம்பெனி மூடியபோது ஏலத்தில் எடுத்தது. அகலமான காகிதம் ஏற்றி நீளமான பட்டியல்கள் அடிக்கலாம். மேனேஜர் பத்மநாபனுக்கு அதன்மேல் தனிப் பெருமை. வருகிறவர்களை என் மேசைக்கு அழைத்துவந்து காட்டுவார். வட்டமான பெரிய விசைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. பார்க்க அழகுதான்.

ஆனால் என் கை சின்னக் கை. வளையல் கடையில் எனக்கென்றால் சிறுமிகளின் பெட்டியைத்தான் திறப்பார்கள். இன்ஸ்டிடியூட்டில் பழகிய மெஷினில் எட்டு விரலும் தத்தம் விசைமேல் சிரமமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இங்கே சுண்டுவிரலைக் கடைசி விசையில் வைத்தால் சுட்டுவிரல் அதன் இடத்திலிருந்து நழுவியது. சுட்டுவிரலைச் சரியாக வைத்தால் சுண்டுவிரல் காற்றில் நின்றது. அதனால் நான் விரல்களைப் பரப்பி, மணிக்கட்டை வெளிப்பக்கமாக வளைத்து அடிக்கப் பழகினேன். பெரிய எழுத்து வேண்டுமென்றால் சுண்டுவிரலால் ஷிஃப்டை அமுக்க வேண்டும். அமுக்கினால் அந்த நீளமான மேல்பாகம் முழுவதும் எழும்ப வேண்டும். சின்ன மெஷினில் அது ஒரு பாரமே இல்லை. இதிலோ ஒரு விரலால் வாளித் தண்ணீர் தூக்குகிற மாதிரி இருந்தது. எங்கள் பில்களோ முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில்தான் போகும்.

முதல் வருஷம் தோளும் முழங்கையும் வலித்தன. வேலை என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். இரண்டாவது வருஷம் வலி போய், மரத்துப்போவது வந்தது. தூங்கி எழும்போது வலது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கையை உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. ரயில் சீசன் டிக்கெட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது அது விரலில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாமல் ஊக்குக் குத்திக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விரல் மரத்துப்போனால் முதலில் எந்த நினைப்பு வரும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து முதுகிலும் கையிலும் தேமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தொழுநோய் என்ற பெயரை வீட்டுக்குள் யாரும் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். எனக்கு 'அது' வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் என் காதையும் புருவத்தையும் பார்ப்பேன். தேமல் எதுவும் இல்லை. இனிமேல் வரும் என்று நினைத்துக்கொள்வேன். நாத்தனாருக்கு மீஞ்சூரில் ஒரு இடம் பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. என் விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும்? என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் நல்ல மனிதர்களும் இதற்குப் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் துணியில்லாமல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே அத்தையிடம் உப்பு பற்றிக் கேட்டேன். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். எழுந்து வந்து மூடியைப் பிடுங்கிக் கீழே போட்டார். என் சுட்டுவிரலும் நடுவிரலும் வெந்து வெளுத்திருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கையைத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, அத்தை என் எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா இப்டி?"

சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை.

"நாளைக்கி மெட்ராஸ் போறோம். ஊர்ல கேட்டா கல்யாணத்துக்குத் துணி எடுக்கன்னு சொல்லு."

"அத்த, அதுவா இருந்தா?"

"அதுவா இருந்தா மருந்து சாப்டு. இல்லன்னா வந்து சோறாக்கு. இப்ப கைய வெளிய எடுக்காத."

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் நானே எனக்கு ஒரு தட்டைத் தனியாக எடுத்து மூலையில் வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தை அதை எடுத்துக் கழுவி, எல்லாத் தட்டுகளோடும் சேர்த்துக் கவிழ்த்தார். மறுபடி நான் தனியாக எடுத்து வைக்கவில்லை.

சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனோம். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ராஜம்மா என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். சோழவரம் பக்கத்திலிருந்து மாதா மாதம் மாத்திரை வாங்க வருகிறவர். அவருக்கு 'அது'தான். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. நான் தள்ளி உட்கார்ந்தேனா என்று நினைவில்லை. அத்தை தள்ளி உட்காரவில்லை. ராஜம்மா என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"மொத தபாவா? பயந்துக்கினு கீறியே. இதா இருந்தாலும் மாத்திர கீது. நானு இந்தக் கையாலதான் சோறாக்கிக்கினு, மாடு கறந்துக்கினு கீறேன். டாக்டர் அம்மா நல்லவங்க, கேக்கறதுக்கெல்லாம் நெசத்த சொல்லு."

மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். அத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு கை அள்ளி, பாதியை என் இடது கையில் போட்டார். நான் சாப்பிட்டேன். அந்தப் பெஞ்சில் அந்தக் கடலையைத் தின்றபோதுதான், வந்தாலும் வாழலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. ராஜம்மாவுக்கு நான் பட்ட கடன் அது. எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று இன்னும் தெரியவில்லை.

டாக்டர் அம்மா நிதானமானவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் கையில் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். பிறகு ஊசி முனை. பிறகு ஒன்றில் சுடுதண்ணீரும் ஒன்றில் பச்சைத்தண்ணீரும் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். முழங்கைக்கு உள்பக்கம் விரலை வைத்து உருட்டி, நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்த்தார். அந்த வியாதியில் அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்துவிடுமாம். கடைசியில் காது மடலில் லேசாகக் கீறி, கசிந்த ஈரத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். கிருமி இருந்தால் அதில் தெரியும். முடிவுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அந்த ஒரு வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் ஷெட்டிலிருந்து வந்ததும் என் விரல் புண்ணுக்கு மருந்து போட்டார். கையில் கிரீஸ் கறை போகவில்லை என்று இரண்டு முறை மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு வருவார். அவரிடம் கேட்டேன், என்னை ஊருக்கு அனுப்பிவிடுவீர்களா என்று. மருந்து போடுவதை நிறுத்தாமல், எந்த ஊருக்கு, இதுதானே உன் ஊர் என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வாரம் போனபோது, கிருமி இல்லை என்றார் டாக்டர் அம்மா. அத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ராஜம்மா வரவில்லை. வந்திருந்தால் எங்களைவிட அவர்தான் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அத்தை திரும்பும் வழியெல்லாம் சொன்னார்.

ஆனால் டாக்டர் அம்மா எங்களை விடவில்லை. மறுபடியும் பஞ்சை எடுத்தார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் எனக்குத் தொடுவது தெரியவில்லை. சுண்டுவிரலில் தெரிந்தது. மோதிர விரலில்தான் வேடிக்கை. அதன் ஒரு பக்கம் தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. ஒரே விரலை யாரோ நடுவில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்த மாதிரி. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கைக்குள் வரும் நரம்புகளில் ஒன்று சரியாக இந்த மூன்றரை விரல்களுக்குத்தான் போகிறது, அந்த ஒரு நரம்பு மட்டும் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியில் கை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் சீட்டு எழுதி அனுப்பினார்.

அந்த டாக்டர் உயரமானவர். விரல்கள் நீளநீளமாக இருக்கும். இரண்டு மணிக்கட்டையும் கீழ்நோக்கி மடக்கி, புறங்கைகளை ஒட்டவைத்து அப்படியே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே வலது கையில் எறும்பு ஊர ஆரம்பித்தது. மணிக்கட்டின் நடுவில் விரலால் தட்டினார். நடுவிரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தது. சர்க்கரை இருக்கிறதா, குழந்தை உண்டாகியிருக்கிறேனா, கழுத்தில் வீக்கம் உண்டா என்றெல்லாம் பார்த்தார். எதுவும் இல்லை.

அவர் எங்களுக்கு விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. கீழே எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டை. விரல்களை மடக்கும் நார்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. கூடவே இந்த நரம்பும் போகிறது. மணிக்கட்டை வளைத்த நிலையிலேயே ஓயாமல் வேலை வாங்கினால் நார்களைச் சுற்றி வீங்கிவிடும். வழி பெரிதாகாது. அப்போது நசுங்குவது நரம்புதான். காலை பாசஞ்சரில் வாசற்படியில் மாட்டிக்கொண்டவள் மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்று சிரித்தார்.

பிறகு என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், மேசைமேல் டைப் அடிப்பதுபோல் அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்களா என்றார். இல்லை, இது அந்த மெஷினுக்காகப் பழகியது என்றேன். விசைகள் தள்ளித்தள்ளி இருக்கும் என்று சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மெஷினின் அளவும் தனக்கு வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளோடு போனார். பொன்னேரி இன்ஸ்டிடியூட்டில் ஒன்று, கும்மிடிப்பூண்டி ஆபீசில் ஒன்று. விசை வரிசைமேல் அட்டையை வைத்து ஒவ்வொரு விசையின் நடுவிலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு தீக்குச்சி கனம் இருக்கலாம். ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்போது, அந்தத் தீக்குச்சிகள் எல்லாம் சேர்ந்து, ஆபீஸ் அட்டை என் இரண்டு விரல் அகலத்துக்கு நீண்டிருந்தது. டாக்டர் என் கையை முதல் அட்டையில் வைக்கச் சொன்னார். மணிக்கட்டு முழங்கைக்கு நேராக நின்றது. இரண்டாவதில் வைக்கச் சொன்னார். விரல்கள் புள்ளிகளைத் தேடிப் பரவ, மணிக்கட்டு தானாகவே வெளியே வளைந்தது.

"மெஷின்தான் காரணம்னு நான் எழுதித் தர முடியாதும்மா. உங்களுக்குப் பிறவியிலேயே அந்த வழி கொஞ்சம் குறுகலா இருக்கலாம். என் கைக்கு அந்த மெஷின் ஒண்ணும் செஞ்சிருக்காது. ஆனா இந்தக் கையும் அந்தப் பலகையும் சந்திச்சிருக்கக் கூடாது."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளாக நான் ஏதோ பாவம் செய்ததாகவும், அது விரல் வழியாக வெளியே வருவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம் இல்லை, ஒரு தீக்குச்சி கனம்தான் என்று ஆகிவிட்டது.

ஆபரேஷன் என்றதும் பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்தது. மணிக்கட்டை அறுப்பார்கள் என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? கை விளங்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அறுக்காமல் விட்டால் கட்டைவிரலின் அடிச்சதை இன்னும் வற்றும், அறுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்பது நரம்பைப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அப்போதுதான் கட்டைவிரலுக்குக் கீழே பள்ளம் விழுந்திருப்பதை நான் கவனித்தேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்காததை அத்தை பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குப் பயப்படுற, உன் கையையா அறுக்கறாங்க" என்றார்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. அக்குளில் ஊசி போட்டு, கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நடுவே ஒரு பச்சைத்துணித் திரை. அந்தப் பக்கம் என் கை இருந்தது. இந்தப் பக்கம் நான். கத்திரி வைக்கும் சத்தமும் டாக்டர் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தமும் கேட்டன. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்ஸ்டிடியூட்டில் முதல் மாதம் அடித்த பாடத்தை மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. என் பாடமும் பாதியில் நின்றது. பிறகு டாக்டர் திரைக்குமேல் தலையை நீட்டினார்.

"நரம்பப் பார்த்துட்டேம்மா. நசுங்கியிருக்கு. ஆனா சாகல."

தலையை ஆட்டினேன்.

வார்டில் இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு வலி ஞாபகம் வருவதில்லை. வலித்தது, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள், முதல் இரண்டு நாள் தூக்கமே இல்லை. ஆனால் ஞாபகம் வருவது அத்தைதான். வண்ணாரப்பேட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் நாஷ்டாவோடு வந்துவிடுவார். இட்லியைப் பிட்டு எனக்கு ஊட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். இடது கையால் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றால் காதில் வாங்க மாட்டார். தலை வாரிப் பின்னிவிடுவார். அவர் பின்னுகிற பின்னல், வலைக்கயிறு முறுக்கியது மாதிரி அத்தனை இறுக்கம். கண் இழுக்கும். ஒருநாள் வாரிக்கொண்டே சொன்னார், சின்ன வயதில் பெரிய மீன் வலை பின்னும்போது தனக்கும் கை இப்படித்தான் மரத்துப்போகும், அந்த வலைக்குக் கண்ணு பெருசு, கையை விரித்தே வைத்திருக்க வேண்டும், கொஞ்சநாள் இறால் வலைக்கு மாறினால் சரியாகிவிடும் என்று. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். கல்யாணமாகி அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்.

மீஞ்சூர் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு நான் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்துவிட்டது. இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். விசாரிக்க மட்டும் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அத்தை அவர்களை நேராக டாக்டரிடமே அழைத்துப் போய் நிறுத்தி, இவங்களுக்கு ஒரு தபா சொல்லுங்க என்றாராம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கல்யாணம் தை மாதம் நல்லபடியாக நடந்தது.

மேனேஜர் பத்மநாபன் ஒரு சனிக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். என் வீட்டுக்காரர் அட்டையில் புள்ளி வைத்தபோது அவர்தான் பக்கத்தில் நின்று பார்த்தவர். கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டிலை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் தயங்குகிறார் என்று நான் நினைத்தேன். எல்லாம் எங்கள் வயிற்றுப் பிழைப்பு; கல்யாணத்துக்கும் என் சம்பளத்தை நம்பியிருந்தோம்.

"நீங்க லீவுல போனதும் நானே உக்காந்து ரெண்டு பில் அடிச்சுப் பார்த்தேன், வசந்தா. சாயங்காலம் கை என்னோடது மாதிரியே இல்ல. வாங்கும்போது மெஷின் நல்ல மெஷினான்னு பார்த்தேன். யாரு அடிக்கப்போறாங்கன்னு பார்க்கல."

பிறகு, கை சரியாகிற வரைக்கும் தபால் பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கலாம் என்றும், அதற்குள் சின்ன மெஷின் ஒன்று வந்துவிடும் என்றும் சொன்னார். பெரிய முதலாளியிடம் அதற்காக அவர் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது என்று பின்னால் கணக்கர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவராகச் சொல்லவில்லை.

தையல் பிரித்தபின் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நுனியில் தொடும் பயிற்சி கொடுத்தார்கள். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். வெந்நீரின் சூட்டை மட்டும் இடது கையால் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரவில் வரும் எறும்பு ஊரல் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. அதுவே பெரிய வரம். ஆனால் விரல் நுனிகள் அப்படியேதான் இருந்தன. நரம்பு புல் முளைக்கிற மாதிரி மெதுவாகத்தான் வளரும், அவசரப்படக் கூடாது என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பினேன். சின்ன மெஷின் வந்திருந்தது. புத்தம் புதியது, நம் நாட்டில் செய்தது. முதல்முறை கையை வைத்தபோது எட்டு விரலும் எட்டு விசையில் உட்கார்ந்தன. நான் ஒரு எழுத்தும் அடிக்காமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தேன். நாற்காலியையும் சரியான உயரத்துக்கு மாற்றிக்கொண்டேன், மணிக்கட்டு நேராக நிற்கும்படி. பெரிய மெஷின் எங்கும் போகவில்லை. வருஷாந்திரக் கணக்கு அடிக்கும்போது மட்டும், கை பெரிய ஒரு கிளார்க் அதில் உட்காருவார். அவருக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. என் பழைய வேகம் எனக்குத் திரும்பவில்லை. கட்டைவிரல் அடியில் பள்ளம் முழுசாக நிரம்பவும் இல்லை. நாள் முழுக்க அடிக்க முடிகிறது, அது போதும்.

இதைப் படிக்கும் டைப்பிஸ்டுகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்தெந்த விரல் மரத்துப்போகிறது என்று முதலில் பாருங்கள். மோதிர விரலைத் தனியாகப் பாருங்கள். பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காதீர்கள். உங்கள் கைக்கு மெஷின் சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் கைக்குப் பொருந்துவது இன்னொருவர் கைக்குப் பொருந்தாது, அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

உணர்ச்சி திரும்பியதைச் சொல்லி முடிக்கிறேன். அது ஆபரேஷன் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு. நாத்தனார் மீஞ்சூருக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போயிருந்தார்; வீட்டில் அத்தையும் நானும்தான். காலையில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண் வாசல் பக்கம் இருந்தது. பால்காரரோடு யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுட்டுவிரலில் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தேன். அரிசி நிறத்திலேயே ஒரு பொடிக்கல். கண் பார்க்காததை விரல் பார்த்திருந்தது.

அதை அப்படியே கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு முனை கூராக இருப்பது தெரிந்தது. உருட்டினால் மறுபக்கம் வழவழப்பாக இருப்பது தெரிந்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப்பார்த்தார். நான் கல்லை நீட்டினேன். அவர் வந்து என் கையைப் பிடித்து, கல்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"கல்லு கெடச்சா எடுத்துப் போடுவியா, உக்காந்து அழுதுக்கினு கீறியே. ஒல கொதிக்குது, சீக்கிரம் களைஞ்சி எடுத்துக்கினு வா."

சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்படியில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நான் கல்லை வாசலில் போட்டுவிட்டு, அரிசியைக் களைந்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.